மேல்வீட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுத்த காரணம்

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, முதல் வரிசையில் கண்ணீரோடு இருக்கும் மேல்வீட்டு அண்ணி அவர்களே, அவர் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் எங்கள் கொக்கித் தம்பி அவர்களே, தம்பியின் மகளே, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் சங்கத் தோழர்களே, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் சபையாரே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மன்றத்தில் எத்தனையோ கூட்டம் பார்த்துவிட்டேன். இப்படி நடுவில் பாதை விட்டு, ஆளுக்கொரு பக்கமாக, சம்பந்திச் சண்டை நடந்த கல்யாண வீடு மாதிரி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரே மனிதருக்காகத்தான் வந்திருக்கிறோம். ஆனால் வலப்பக்கத்துக்காரர்கள் துக்கப்படுவது இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டிய ஒருவருக்காக. இடப்பக்கத்துக்காரர்கள் துக்கப்படுவது ஐந்து வருஷத்துக்கு முன்னால் மறுபடி பிறந்த ஒருவருக்காக.

எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். அவர் வேலையில் சேர்ந்த வருஷம், சங்கத்தில் வகித்த பொறுப்புகள், முன்னின்று நடத்திய போராட்டங்கள், எல்லாம் தேதி வாரியாக இருக்கிறது. அவர் கிறிஸ்தவரானதைப் பற்றி ஒரு வரி இல்லை. "அதை மட்டும் தொட வேண்டாம்ப்பா, ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு" என்று தலைவர் வாசலிலேயே என்னிடம் சொன்னார். தலைவர் மன்னிக்க வேண்டும். நான் அதை மட்டும்தான் தொடப்போகிறேன்.

தோழர்களே! மேல்வீட்டுக்காரர் என்று நாம் ஏன் அவரைக் கூப்பிட்டோம் என்று சபையாருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பட்டறையில் கூரைக்குக் கொஞ்சம் கீழே தண்டவாளம் போட்டு ஓடுகிற கிரேன் அது. அதன் கேபினுக்குள் ஏணி ஏறிப் போனால் எட்டு மணி நேரம் அங்கேயேதான். காலையில் ஏறிவிட்டார் என்றால் சாப்பாட்டுக்கு ஒரு தடவை இறங்குவார், அவ்வளவுதான். பட்டறையில் நாங்கள் எல்லோரும் கீழ்வீடு. அவர் மேல்வீடு.

சங்கத்தின் துணைத்தலைவராக அவர் இருந்த காலத்தில், கடவுள் பேச்சை யாராவது எடுத்தால் போதும். "மேல ஒருத்தன் இருக்கான், மேல ஒருத்தன் இருக்கான்னு எல்லாரும் சொல்றீங்க. இருபது வருஷமா நான் மேலதான் இருக்கேன். புறாவைத் தவிர ஒருத்தனையும் பாத்ததில்ல!" என்பார். எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்போம். அப்படிப்பட்ட வாய்! யாராவது சாமி கும்பிட விடுப்பு கேட்டால் முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்த வாய்! அந்த வாய், ஒரு நாள், தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் ஊருக்கு முன்னால் இயேசுவின் பெயரைச் சொன்னது. ஏன்? யார் மயக்கினார்கள்? என்ன கிடைத்தது? இந்தக் கேள்விகளைத்தான் ஐந்து வருஷமாக நாம் கேட்டோம். பதில் தெரிந்த ஒருவன் நம்மிடையே இருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. அவனைக் கைகாட்டி என்று கூப்பிடுவீர்கள். கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் காட்டுகிற வேலை அவனுக்கு. இப்போது உங்கள் சங்கச் செயலாளர். உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. சிக்னல் காட்டுகிறவனின் கைதான் அவருக்குக் கண். கையை மேலே சுழற்றினால் தூக்கு. கீழே சுழற்றினால் இறக்கு. என்னைத் தவிர வேறு யார் காட்டினாலும் அவர் அசையக் கூடாது. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டு கையையும் விரித்துக் காட்டினால், அது நிறுத்து. அதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். மேனேஜர் காட்டினாலும் சரி, டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும் சரி. வேலையில் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஆறரை வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கொக்கி மாட்டுகிற வேலை இதோ இந்தத் தம்பிக்கு. அன்று அவர் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது. விசாரணை நடந்தது. 'கொக்கி மாட்டும் தொழிலாளி குடிபோதையில் இருந்தார், சொல்லாமல் சுமைக்கு அடியில் நுழைந்தார்' என்று முடிவானது. சாட்சி இரண்டு பேர். மேலே இருந்த மேல்வீட்டுக்காரர், கீழே இருந்த நான். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேர் வார்த்தையே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பை மாற்றச் சொல்லித் தம்பி போட்ட மனு வருகிற திங்கட்கிழமை கடைசியாக விசாரணைக்கு வருகிறது. அன்றைக்கும் புதுச் சாட்சி இல்லை என்றால் வழக்கை மூடிவிடுவார்கள். குடிகாரன் என்ற சொல் தம்பியின் தலையில் ஆயுசுக்கும் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

விபத்துக்குப் பிறகு எட்டு மாதம் மேல்வீட்டுக்காரர் தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. நானும் போகவில்லை. சங்கத்தின் சார்பில் பழம் அனுப்பினோம். பழம் அனுப்புவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது! பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், என்ன தோன்றியதோ, அவர் மட்டும் போனார். மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஒரே அறை. ஜன்னல் பக்கம் கட்டில். பட்டறையில் பெருக்குகிற அக்கா, இதோ இடப்பக்கம் இரண்டாவது வரிசையில் இருக்கிறாரே, அவர் தம்பியின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். போதகர் ஐயா வெந்நீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். போதகர் என்றால் பெரிய அங்கியெல்லாம் இல்லை. வாரநாளில் பூட்டு ரிப்பேர் பார்க்கிறவர். இரண்டு பேரும் வாரம் தவறாமல் வந்திருக்கிறார்கள். சங்கத்துக்கு அது தெரியாது. மேல்வீட்டுக்காரரைப் பார்த்ததும் ஐயா ஒன்றும் கேட்காமல் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டார். இவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கட்டுப் போட்டு முடித்ததும் ஜெபம் செய்தார்கள். முதலில் தம்பிதான் ஜெபித்தார். என்ன ஜெபித்தார் தெரியுமா? "ஆண்டவரே, அன்னைக்கு நான் குடிச்சிட்டு வேலைக்குப் போனேன். எங்கூட வேலை செய்யற அண்ணங்களுக்கு எவ்வளவு கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்று அழுதிருக்கிறார்.

தோழர்களே! தலையில் அடிபட்டதில் தம்பிக்கு அந்த நாளே ஞாபகத்தில் இல்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதுகூட ஞாபகமில்லை. எல்லோரும் குடித்தாய் குடித்தாய் என்றார்கள். சங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார்கள். சங்கம் பொய் சொல்லுமா! அதனால் அவரும் நம்பிவிட்டார். செய்யாத குற்றத்துக்கு எட்டு மாதம் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அழுதிருக்கிறார். செய்தவர்கள் நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஏணி ஏறிக்கொண்டு, கூட்டம் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம்.

மேல்வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்தார். "தம்பி, நீ குடிக்கல. நாங்க எழுதினது பொய்" என்றார்.

 தம்பி கேட்டார்: "அப்ப நான் குடிக்கலையா அண்ணே?" இவர் "இல்ல" என்றார். "நெசமாவா அண்ணே?" இவர் மறுபடியும் "குடிக்கல தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று மேல்வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்.

அப்போது பெருக்குகிற அக்கா அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "நான் கையை விரிச்சது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பாடா" என்று அக்கா அழுதுவிட்டார். "எட்டு மாசமா நான் சரியா விரிக்கலையோ, எம்மேலதான் தப்போன்னு இருந்துச்சு."

தலைவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள். பத்து நிமிஷம் ஆகட்டும். இருபது நிமிஷமே ஆகட்டும்.

ஆமாம். அக்கா அன்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். மேலே இருந்தவர் அதைப் பார்த்தார். 'பெருக்குகிற பொம்பளைக்குக் கிரேனைப் பற்றி என்ன தெரியும்' என்று நினைத்தார். அப்படி நினைக்க ஒரு நொடிதான் ஆகியிருக்கும். அவர் என்னிடம் பல தடவை சொன்னது இது: "தம்பி, மேல இருந்து பாத்தா ஆளுங்க தலை மட்டுந்தான் தெரியும். அன்னைக்கு நான் அவ முகத்தைப் பாத்திருந்தா நிறுத்தியிருப்பேன்."

அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவர் வாராவாரம் போனார். தட்டைப் பிடித்தார். பிறகு கட்டு மாற்றக் கற்றுக்கொண்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரைக் கூடத்துக்கும் போக ஆரம்பித்தார். அவருக்குப் பாட வராது. சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சபையார் எப்படித்தான் பொறுத்துக்கொண்டீர்களோ!

நான் சும்மா இருப்பேனா? சண்டை போட்டேன். "தப்பு செஞ்சா மன்னிப்புக் கேளுண்ணே. அதுக்கு எதுக்கு மதம்? அதுக்கு எதுக்கு சாமி? உன் வாயால எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்க!" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதிலை அன்று நான் மதிக்கவில்லை. இன்று சொல்கிறேன். "மன்னிப்பு ஒரு தடவதான் கேக்கலாம்டா. அதுக்கப்புறம் எங்க போறது? உங்கிட்ட வந்தா, விடுண்ணே ஆனது ஆச்சுன்னு சொல்ற. அங்க போனேன். ஆமா நீதான் செஞ்சன்னு சொன்னாங்க. சொல்லிட்டு, நகர்ந்து உக்காந்து பக்கத்துல எடம் குடுத்தாங்க. ரெண்டையும் ஒரே ஆளு சொல்லி நான் கேட்டதில்லடா."

ஞானஸ்நானத்துக்குச் சங்கம் முழுவதையும் கூப்பிட்டார். எத்தனை பேர் போனோம்? ஒருவர்கூடப் போகவில்லை. பொய் சொல்லக் கூடாது, நான் போனேன். உள்ளே போகவில்லை. மதில் சுவர்ப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். கூடத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி. ஐயா அவரைத் தண்ணீரில் அமுக்கித் தூக்கினார். எழுந்து நின்று மூன்று தடவை தும்மினார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு ஆத்திரம் வந்தது. அது பொறாமை என்று பிறகுதான் புரிந்தது.

மறுநாள் நேராக ஆபீசுக்குப் போய், முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தார். இப்போது எல்லோரும் கேட்க வேண்டும், ஏனென்றால் நம் சங்கத்தின் யோக்கியதை இங்கேதான் இருக்கிறது. பொய்யை எழுதித் தந்தது யார் என்று மேனேஜர் அவரைக் கேட்டார். "கையெழுத்து என்னோடதுங்க" என்றார். திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். திருப்பித் திருப்பி அதையே சொன்னார். அவரைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் போல்ட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். துணைத்தலைவர் பதவியை நாம் பறித்தோம். முதுகில் குத்திவிட்டான் என்றோம். மதம் மாறியதில் புத்தி பேதலித்துவிட்டது, அவர் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு தீர்மானம் போட்டோம். தீர்மானத்தை எழுதியது நான். நல்ல தமிழில் எழுதினேன்.

அக்கா சாட்சி சொல்ல வந்தார். ஒப்பந்தத் தொழிலாளி, அன்று அந்தப் பகுதியில் வேலை செய்ததாகப் பதிவே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, இன்னொரு ஆள் வேண்டும். பதிவில் இருக்கிற ஆள். கீழே நின்ற ஆள். மேல்வீட்டுக்காரர் மாதம் ஒரு தடவை என்னைத் தேடி வந்து கேட்பார். நான் 'பார்க்கலாம்ண்ணே' என்பேன். பெண் கல்யாணம் முடியட்டும் என்றேன். சங்கத் தேர்தல் முடியட்டும் என்றேன். ஒரு தடவைகூட அவர் குரலை உயர்த்தவில்லை. என்னை மதம் மாறச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அதைச் சாக்காக வைத்துச் சண்டை பிடித்து விரட்டியிருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

கடைசியில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. தம்பியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். கால்களை இழந்தவர், இழக்கச் செய்தவரின் முகத்தைத் துடைக்கிறார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே போக இடம் இருந்தது. போகவில்லை. பதினோரு நாளைக்கு முன்னால், காலை ஒன்பது மணிக்கு, மேல்வீட்டுக்காரர் போய்விட்டார்.

கையில் கொடுத்த தாளில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதியிருக்கிறது. எப்படி ஈடு செய்வது! அவருக்கு இருந்த கடவுள் எனக்கு இல்லை. சபையாரே, நான் உங்களோடு சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தால் இந்தப் பதினோரு நாளும் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ. அழுவதற்கு எனக்கு ஒரு கூடமும் இல்லை. இந்த மேடைதான் இருக்கிறது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது தம்பியின் மகள் என்னிடம் வந்தாள். விபத்து நடந்தபோது பத்து வயசு. இப்போது பதினேழு. தெருவில் அவளுக்கு என்ன பெயர் என்று நமக்கெல்லாம் தெரியும், குடிகாரன் மகள். அவள் என்னிடம் கேட்டாள்: "மாமா, எங்கப்பா குடிக்கலன்னு மேல்வீட்டுப் பெரியப்பா சொன்னாரு. அவரு சபையில சேர்ந்ததால அப்படிச் சொல்றாருன்னு எல்லாரும் சொன்னாங்க. அம்மாவே பாதி நம்பல. நீங்க சபை இல்லையே மாமா. நீங்களும் அங்கதான நின்னீங்க. நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்புறம் பேசலாம்மா" என்றேன். பிணத்தைப் புதைத்துவிட்டு வந்த கையோடு!

அம்மா, எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தபடியே கேள். இங்கே இருக்கிற முந்நூறு பேரும் கேட்கட்டும். உன் அப்பா அன்று குடிக்கவில்லை. அவர் குடித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சுமை இறங்குகிற இடத்தில் வைத்த மரக்கட்டை கோணலாக இருந்தது; அதை நேராக்கக் குனிந்தார். அவர் குனிந்ததை நான் பார்த்திருக்க வேண்டும். அதுதான் என் வேலை. நான் லாரிக்காரர் ஏதோ கேட்டார் என்று முகத்தைத் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தேன். முகம் லாரிப் பக்கம். கை மட்டும் இறக்கு இறக்கு என்று சுழன்றுகொண்டே இருந்தது. அன்று மாலை சங்க அறையில் உட்கார்ந்து, உன் அப்பா குடித்திருந்தார் என்று இரண்டு வரி எழுதினேன். பெரியப்பா தயங்கினார். 'போடுண்ணே, ரெண்டு பேர் வேலையும் போயிரும்' என்று பேனாவை அவர் கையில் திணித்தவன் நான். பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

தலைவர் உட்காரச் சொல்கிறார். முடித்துவிடுகிறேன். விட்டுப்போனவரின் பணியைத் தொடருவோம் என்று சபதம் எடுக்க வேண்டிய நேரம் இது. எந்தப் பணியைத் தொடருவது? கிரேனை வேறொருவர் ஓட்டுகிறார். துணைத்தலைவர் நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். ஜெபத்தைச் சபையார் பார்த்துக்கொள்வார்கள். அவர் முடிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் வாயைத் திறக்காததால் முடியாமல் போனது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில், இப்போது இங்கே சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொல்வேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தை இந்த மேசையில் வைக்கிறேன். வேலை போனால் போகட்டும்.

ஆனால் தோழர்களே, என்னை எனக்குத் தெரியும். இன்றைக்குத் துக்கம் இருக்கிறது, மைக் இருக்கிறது, வாய் வருகிறது. திங்கட்கிழமை அந்த அறையில் நான்கு அதிகாரிகள் மட்டும்தான் இருப்பார்கள். ஐந்து வருஷம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே பழகிய நாக்கு இது.

அதனால் உன்னிடம்தான் கேட்கிறேன், அம்மா. நீயும் வா. எனக்கு எதிரில் உட்கார். நான் ஒரு சொல்லை மாற்றினாலும் எழுந்து நின்று என்னைத் தட்டிக் கேள்.